லிவர்பூல் கனவான்களும் மான்செஸ்டர் ஆட்களும்

லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெடும் மோதும் ராத்திரி என்றால் நம்மூர் ஹாஸ்டல் டிவி அறைகள்கூட இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். அந்த இரண்டு ஊரையும் கண்ணால் பார்க்காதவர்கள் தொண்டை வற்றும்வரை கத்துவார்கள். சரி, அந்த ஊர்க்காரர்களுக்குள் அப்படி என்னதான் பகை என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டு டீமும் நிறைய கப் ஜெயிச்சிருக்கு இல்ல, அதான்" என்பதோடு பதில் முடிந்துவிடும்.

உண்மையில் இந்தப் பகைக்குக் கால்பந்தைவிட வயது அதிகம். இது தொடங்கிய இடம் மைதானம் இல்லை, துறைமுகத்தின் கணக்கு அறை! ஒரு பஞ்சு மூட்டைக்கு எவ்வளவு கட்டணம், அதை வாங்குவது யார், கொடுப்பது யார் என்பதுதான் மூலச் சண்டை. அந்தச் சண்டையிலிருந்து இரண்டு ஊர்க்காரர்களுக்கும் இரண்டு "குணங்கள்" ஒட்டிக்கொண்டன. அவை எப்படி வந்தன, எப்படித் தலைகீழாக மாறின என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு பழைய கிண்டல்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன இந்த இரண்டு நகரங்களும். லிவர்பூல் மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தில், கடலைப் பார்த்தபடி. மான்செஸ்டர் உள்நாட்டில்.

19ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் ஒரு பேச்சு வழக்கு உண்டு. லிவர்பூலில் இருப்பவர்கள் கனவான்களாம். மான்செஸ்டரில் இருப்பவர்கள் வெறும் ஆட்களாம். லிவர்பூல் வியாபாரி கையில் அழுக்குப் படாமல் சம்பாதிப்பவர். கப்பல் எப்போது வரும், நியூ ஆர்லியன்சில் பஞ்சு என்ன விலை என்று கடிதம் பார்த்துக் கமிஷன் அடிப்பவர். மான்செஸ்டர் முதலாளியோ ஆலைக்குள் இறங்கி, இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசி, நூலும் துணியும் உற்பத்தி செய்பவர். ஒருவர் தரகர், மற்றவர் உற்பத்தியாளர். வணிகவியல் பாடத்தில் முதல் வருடமே வருகிற வித்தியாசம்தான் இது. இங்கே அது இரண்டு ஊர்களின் சுபாவமாகவே ஆகிவிட்டது.

மான்செஸ்டர்க்காரர்கள் இந்தக் கிண்டலுக்குக் கோபப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. "ஆமாம், நாங்கள் உழைக்கிற ஆட்கள்தான்" என்று அதையே பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். 1842இல் நகரத்துக்குச் சின்னம் வாங்கியபோது, உலக உருண்டையின் மேல் தேனீக்கள் மொய்ப்பது போன்ற உருவத்தை வைத்துக்கொண்டார்கள். தேனீ என்றால் உழைப்பு. லிவர்பூலின் சின்னமோ ஒரு பறவை. 1911இல் கட்டி முடித்த ராயல் லிவர் கட்டடத்தின் உச்சியில் அப்படி இரண்டு பெரிய பறவைகள் இருக்கின்றன. அதில் ஒன்று கடலைப் பார்க்கிறது, மற்றது ஊரைப் பார்க்கிறது என்று உள்ளூரில் கதை சொல்வார்கள்.

கப்பலில் வந்த பணம்

லிவர்பூல் பழைய ஊர். 1207இல் ஜான் மன்னர் கொடுத்த சாசனம் அதற்கு உண்டு. நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமையும் நூற்றாண்டுகளாக இருந்தது. ஆனாலும் ரொம்ப காலம் அது ஒரு சின்னத் துறைமுகம்தான். 1715இல் கதவு வைத்து நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தும் வணிகக் கப்பல்துறை ஒன்றை அங்கே கட்டினார்கள். அலை ஏறினாலும் இறங்கினாலும் கப்பல் தரை தட்டாமல் நின்று சரக்கு இறக்கலாம். உலகத்திலேயே முதலாவதாகச் சொல்லப்படும் இந்த வசதி ஊரின் தலையெழுத்தை மாற்றியது.

அந்தத் துறையில் ஏறிய லாபத்தில் பெரும் பங்கு அடிமை வியாபாரத்தில் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவின் மிகப் பெரிய அடிமைக் கப்பல் துறைமுகம் லிவர்பூல்தான். பிரிட்டிஷ் கப்பல்கள் அட்லாண்டிக் கடல் தாண்டிக் கொண்டுபோன ஆப்பிரிக்கர்களில் ஏறத்தாழ பாதிப் பேர், அதாவது சுமார் 15 லட்சம் பேர், லிவர்பூல் கப்பல்களில் அடைக்கப்பட்டவர்கள். இந்த வியாபாரத்தை ஒழிக்க வேண்டும் என்று 1807இல் ஓட்டுப் போட்ட லிவர்பூல் எம்.பி. வில்லியம் ராஸ்கோ ஊர் திரும்பியபோது, அவரை வரவேற்றது கலவரக் கும்பல். அதன்பிறகு அவர் அந்தப் பதவிக்கு வரவே இல்லை.

துறைமுகம் இன்னொரு வகை மனிதர்களையும் உருவாக்கியது. கனவான் வாங்கிய சரக்கை யாராவது தூக்க வேண்டுமே! துறைமுகக் கூலிகளுக்கு நிரந்தர வேலை கிடையாது. காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும். மேஸ்திரி கை காட்டினால் அன்றைக்குச் சோறு, இல்லாவிட்டால் வீட்டுக்கு நடை. இந்தத் தினக்கூலி முறை பிரிட்டனில் 1967இல்தான் அதிகாரபூர்வமாக முடிந்தது. நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாத மனிதனுக்கு முதலாளி மேல் விசுவாசம் வராது. பக்கத்தில் நிற்கிறவன்தான் துணை. லிவர்பூல்காரரின் வாய்ச் சாதுரியம், நண்பனை விட்டுக் கொடுக்காத குணம், மேலதிகாரி என்றாலே வருகிற எரிச்சல் என்று இன்று சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் இந்த வரிசை ஒரு முக்கியமான காரணம்.

அதோடு அயர்லாந்து. உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது 1847 என்ற ஒரே வருடத்தில் மட்டும் சுமார் 3 லட்சம் அயர்லாந்துக்காரர்கள் லிவர்பூலில் வந்து இறங்கினார்கள். பலர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். டிக்கெட்டுக்குக் காசில்லாதவர்களில் பலர் அங்கேயே தங்கினார்கள். 1851 கணக்கெடுப்பில் ஊரில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் அயர்லாந்தில் பிறந்தவர். லிவர்பூலின் ஒரு தொகுதி 1885 முதல் 1929 வரை தொடர்ந்து அயர்லாந்து தேசியவாதியான டி.பி. ஓ'கானரையே தேர்ந்தெடுத்தது! ஊர்க்காரர்களுக்கு "ஸ்கவுஸர்" என்ற பட்டப்பெயரே மாலுமிகள் சாப்பிட்ட "லாப்ஸ்கவுஸ்" என்ற கறிக் கூழிலிருந்து வந்தது. பேச்சு, சாப்பாடு, சாமி எல்லாமே கப்பலில் வந்து இறங்கியவை.

ஆலையில் வந்த பணம்

மான்செஸ்டரின் கதை வேறு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நீராவியும் நூற்பு இயந்திரமும் வந்ததும் ஊர் குபீரென்று வீங்கியது. ஆனால் 1832 வரை அதற்கென்று ஒரு எம்.பி. கிடையாது. 1838 வரை நகரசபையும் கிடையாது. இவ்வளவு பெரிய தொழில் ஊரைப் பழைய ஜமீன் முறையிலேயே நிர்வாகம் செய்துகொண்டிருந்தார்கள்.

பணம் இருந்தது, உழைப்பு இருந்தது, குரல் மட்டும் இல்லை. அதனால் குரல் கேட்பதே ஊரின் பழக்கமாகிவிட்டது. 1819 ஆகஸ்ட் 16 அன்று செயின்ட் பீட்டர்ஸ் மைதானத்தில் ஓட்டுரிமை கேட்டு சுமார் 60,000 பேர் கூடினார்கள். குதிரைப் படை வாளோடு கூட்டத்துக்குள் புகுந்தது. குறைந்தது 15 பேர் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயப்பட்டார்கள். வாட்டர்லூ போரைக் கிண்டலாக நினைவுபடுத்தி இதற்குப் "பீட்டர்லூ" என்று பெயர் வந்தது. இரண்டு வருடம் கழித்து, 1821இல், "மான்செஸ்டர் கார்டியன்" பத்திரிகை பிறந்தது.

அடுத்த போராட்டத்தை நடத்தியவர்கள் முதலாளிகள். வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்டு நிலக்கிழார்களைக் காப்பாற்றிய சட்டங்களை எதிர்த்து மான்செஸ்டரில் ஒரு சங்கம் கிளம்பியது. ரொட்டி விலை குறைந்தால் தொழிலாளிக்கு வயிறு நிறையும், ஆலைக்கும் கூலிச் சுமை ஏறாது என்பது கணக்கு. 1846இல் அந்தச் சட்டங்கள் ரத்தாகின. தடையில்லா வணிகம் பேசுகிற பொருளாதாரக் கொள்கைக்கு "மான்செஸ்டர் பள்ளி" என்றே பெயர் விழுந்தது. பீட்டர்லூ ரத்தம் சிந்திய அதே இடத்தில் "ஃப்ரீ டிரேட் ஹால்" என்று ஒரு மண்டபமும் எழுந்தது. ஒரு கொள்கையின் பெயரில் மண்டபம் கட்டிய ஊர் அது!

ஆலைத் தொழிலாளியின் வாழ்க்கை துறைமுகக் கூலியின் வாழ்க்கைக்கு நேர் எதிர். மணி அடித்தால் உள்ளே, மணி அடித்தால் வெளியே. வேலை கடுமைதான், குழந்தைகளும் உழைத்தார்கள், தெருக்கள் நாறின. அப்பாவின் நூற்பாலை வேலையைப் பார்க்க 1842இல் அங்கே வந்த எங்கெல்ஸ், 1845இல் தன் புத்தகத்தில் அதையெல்லாம் பதிவு செய்தார். ஆனாலும் வாரம் தவறாமல் கூலி வரும். அம்மா, பெண், பையன் என்று குடும்பமே ஆலைக்குப் போகும். நேரம், ஒழுங்கு, "நம்ம வேலை நம்ம கையில்" என்ற கர்வம் எல்லாம் இந்த ஆலை மணியிலிருந்து வந்தவை.

ஒரு சின்ன திருத்தம். கனவான் ஊர் கலையை வளர்த்தது, ஆட்கள் ஊர் காசை மட்டும் பார்த்தது என்று நினைத்துவிட வேண்டாம். லிவர்பூலுக்கு 1840இல் இசைச் சங்கம் வந்தது என்றால், மான்செஸ்டருக்கு 1858இல் சார்லஸ் ஹாலே என்ற ஜெர்மன்காரர் ஓர் இசைக்குழுவே தொடங்கிக் கொடுத்தார். அதுவும் இன்றுவரை ஓடுகிறது.

சேர்ந்து போட்ட தண்டவாளம்

இத்தனை வித்தியாசம் இருந்தும் ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை. பஞ்சு இறங்குவது லிவர்பூலில், நூலாவது மான்செஸ்டரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும், துணி கப்பலேறுவது மறுபடி லிவர்பூலில். நடுவில் சரக்கைக் கொண்டுபோனவை கால்வாய் படகுகள். அந்தக் கால்வாய்க்காரர்கள் வைத்ததுதான் கட்டணம், அவர்கள் கொண்டுசேர்த்ததுதான் நேரம்.

பொது எதிரி கிடைத்ததும் இரண்டு ஊர் வியாபாரிகளும் கைகோத்தார்கள். ஜார்ஜ் ஸ்டீபன்சனை வைத்து ரயில் பாதை போட்டார்கள். சாட் மாஸ் என்ற பெரிய சதுப்பு நிலத்தின் மேல் பாதையை மிதக்கவிட்ட கதை பொறியியல் மாணவர்கள் படிக்க வேண்டியது. 1830 செப்டம்பர் 15 அன்று திறப்பு விழா. முழுக்க நீராவி எஞ்சினை நம்பி, நேர அட்டவணைப்படி இரண்டு நகரங்களுக்கு நடுவே ஓடிய முதல் ரயில் பாதை அது.

அந்த ஒரு நாளிலேயே இரண்டு ஊர்களின் குணமும் தெரிந்துவிட்டது. வழியில் தண்டவாளத்தில் இறங்கி நின்ற லிவர்பூல் எம்.பி. ஹஸ்கிஸன், "ராக்கெட்" எஞ்சினில் அடிபட்டு இறந்துபோனார். பிரதம மந்திரி வெலிங்டன் பிரபு பயணத்தைத் தொடர்ந்து மான்செஸ்டர் வந்து சேர்ந்தார். லிவர்பூலில் மரியாதையோடு வழியனுப்பப்பட்டவரை மான்செஸ்டரில் எதிர்ப்புக் கூச்சல் போட்டு வரவேற்றார்கள். ஓட்டுரிமைச் சீர்திருத்தத்தை எதிர்த்தவர் அவர். பீட்டர்லூ நடந்து 11 வருடம்தான் ஆகியிருந்தது.

ஒரே பஞ்சம், இரண்டு கணக்கு

இரண்டு ஊர் மனசும் அகலமாகப் பிரிந்த காலம் 1861 முதல் 1865 வரை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அடிமை முறையை விடமாட்டோம் என்ற தென் மாகாணங்களின் துறைமுகங்களை லிங்கனின் கடற்படை அடைத்துவிட்டது. பிரிட்டிஷ் ஆலைகளுக்கு வந்த பஞ்சில் முக்கால் பங்குக்கும் மேல் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பஞ்சு நின்றது, ஆலை நின்றது. 1862 கடைசியில் மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயர் வட்டாரத்தில் சுமார் 5 லட்சம் பேர் உதவிப் பணத்தை நம்பி வாழ்ந்தார்கள்.

உற்பத்தியாளருக்குச் சரக்குத் தட்டுப்பாடு என்றால் நஷ்டம். கையில் சரக்கு வைத்திருக்கும் தரகருக்கு? பஞ்சு விலை மூன்று, நான்கு மடங்கு ஏறியது. லிவர்பூல் சந்தையில் ஊக வணிகம் கொழுந்துவிட்டு எரிந்தது. தென் மாகாணங்களின் ஏஜென்ட் ஜேம்ஸ் புல்லக் லிவர்பூலில் இருந்தபடியே கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தார். எதிர்க்கரையில் உள்ள பிர்க்கன்ஹெட்டில் கட்டிய "அலபாமா" கப்பல் 1862 ஜூலையில் நழுவிப் போய், லிங்கன் தரப்புக் கப்பல்களை வேட்டையாடியது. (அதற்காக பிரிட்டன் 1872இல் அமெரிக்காவுக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்க வேண்டி வந்தது.) 1864இல் லிவர்பூலின் செயின்ட் ஜார்ஜஸ் ஹாலில் தென் மாகாணக் கைதிகளுக்கு நிதி திரட்ட ஒரு பெரிய விற்பனைக் கண்காட்சியே நடந்தது.

மான்செஸ்டரில் 1862 டிசம்பர் 31 ராத்திரி வேறு காட்சி. பட்டினி கிடந்த ஆலைத் தொழிலாளிகளும் மற்றவர்களும் ஃப்ரீ டிரேட் ஹாலில் கூடி, அடிமை ஒழிப்பில் நாங்கள் உங்கள் பக்கம் என்று லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள். 1863 ஜனவரி 19 தேதியிட்டு லிங்கன் பதில் எழுதினார். மான்செஸ்டரில் இன்றும் அவருக்குச் சிலை இருக்கிறது.

இங்கே நிறுத்தினால் மான்செஸ்டர் நல்லவன், லிவர்பூல் கெட்டவன் என்று கதை முடிந்துவிடும். கணக்குப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். 1787இலேயே அடிமை வியாபாரத்துக்கு எதிராக 10,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்ட ஊர் மான்செஸ்டர். அது உண்மை. அந்த ஊரின் ஆலைகள் அடுத்த 70 வருடம் அடிமைகள் பறித்த பஞ்சில்தான் ஓடின. அதுவும் உண்மை. லங்காஷயரின் வேறு சில ஊர்களில் தென் மாகாணங்களை ஆதரித்தும் கூட்டங்கள் நடந்தன. லிவர்பூல் நகரசபை அடிமை வியாபாரத்தில் தன் பங்குக்காக 1999இல் மன்னிப்புக் கேட்டது. 2007இல் அங்கே அதற்கென்றே அருங்காட்சியகமும் திறந்தார்கள். "கார்டியன்" பத்திரிகையைத் தொடங்கியவர்களின் பணம் அடிமை உழைப்போடு தொடர்புடையது என்று அதன் உரிமையாளரான அறக்கட்டளை மன்னிப்புக் கேட்டது 2023இல். லிவர்பூலின் பாவம் கப்பலில் போனதால் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. மான்செஸ்டரின் பாவம் பஞ்சு மூட்டைக்குள் இருந்ததால் தெரியவில்லை.

நமக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. அமெரிக்கப் பஞ்சு நின்றபோது லங்காஷயர் தேடி வந்தது இந்தியப் பஞ்சைத்தான். பம்பாய் கொழித்தது, திருநெல்வேலிச் சீமைப் பஞ்சுக்கும் கிராக்கி ஏறியது. 1865இல் போர் முடிந்ததும் விலை விழுந்து, பம்பாயில் பலர் திவாலானார்கள். அதற்கு முன்பே லங்காஷயர் ஆலைத் துணி நம் நெசவாளர்களின் பிழைப்பில் மண் போட்டிருந்தது. பின்னால் கோயமுத்தூருக்கு "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்" என்று பட்டம் கிடைத்ததில் காலத்தின் குறும்பு கொஞ்சம் இருக்கிறது.

கடலையே ஊருக்குக் கொண்டுவந்த ஆட்கள்

கட்டணச் சண்டைக்கு வருவோம். ரயில் வந்தும் மான்செஸ்டரின் மனக்குறை தீரவில்லை. லிவர்பூல் துறைமுகத்தில் சரக்கு தொட்டாலே காசு. போதாக்குறைக்கு ரயில் கட்டணம். நாட்டின் எதிர்ப்பக்கக் கடற்கரையில் உள்ள ஹல் துறைமுகம் வழியாகக் கொண்டுவந்தால்கூட மலிவு என்று மான்செஸ்டர் வியாபாரிகள் புலம்பினார்கள்.

புலம்பலோடு நிற்கவில்லை. 1882 ஜூன் 27 அன்று டேனியல் ஆடம்சன் என்ற தொழிலதிபர் தன் வீட்டில் ஒரு கூட்டம் போட்டார். தீர்மானம் இதுதான்: துறைமுகத்துக்கு நாம் போக வேண்டாம், கடலை இங்கே கொண்டுவருவோம்! லிவர்பூலும் ரயில் கம்பெனிகளும் நாடாளுமன்றத்தில் மூச்சைப் பிடித்து எதிர்த்தன. இரண்டு முறை மசோதா தோற்றது. மூன்றாவது முறை, 1885இல், ஜெயித்தது. 58 கிலோமீட்டர் நீளம், ஆறு வருட வேலை, சுமார் ஒன்றரைக் கோடி பவுண்டு செலவு. பாதியில் பணம் தீர்ந்தபோது மான்செஸ்டர் நகரசபை 50 லட்சம் பவுண்டு கடன் கொடுத்துத் தூக்கிவிட்டது. 1894 ஜனவரி 1 அன்று கப்பல் கால்வாய் திறந்தது. மே 21 அன்று விக்டோரியா மகாராணி வந்து முறைப்படி திறந்துவைத்தார். கடலிலிருந்து இவ்வளவு தள்ளி இருந்த மான்செஸ்டர், பின்னாளில் பிரிட்டனின் முன்னணித் துறைமுகங்களில் ஒன்றாகிவிட்டது.

இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே, 1894 ஏப்ரல் 28 அன்று, இன்னொரு சம்பவம். மேல் டிவிஷனில் யார் இருப்பது என்று தீர்மானிக்கும் ஒரு கால்பந்து ஆட்டம். லிவர்பூல் 2, நியூட்டன் ஹீத் 0. தோற்ற அணி கீழே இறங்கியது. 1902இல் அது தன் பெயரை மாற்றிக்கொண்டது. மாற்றிய பெயர் மான்செஸ்டர் யுனைடெட்!

மான்செஸ்டர் அணிகளின் சின்னத்தில் இருக்கும் கப்பல் இந்தக் கால்வாயைக் குறிக்கிறது என்று பலரும் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஊர்ச் சின்னத்தில் கப்பல் 1842இலேயே வந்துவிட்டது, கால்வாய்க்கு 52 வருடம் முன்பு. துறைமுகம் இல்லாத காலத்திலேயே கப்பலை வரைந்து வைத்துக்கொண்டிருந்தார்கள் என்றால் ஆசையைப் பாருங்கள்.

கனவான் கலகக்காரன் ஆன கதை

இப்போது இன்றைய நிலவரம். இங்கிலாந்தில் யாரைக் கேட்டாலும் லிவர்பூல்காரர் என்றால் கலகக்காரர், உணர்ச்சிவசப்படுபவர், தொழிற்சங்கவாதி, லண்டன் அரசாங்கத்தை நம்பாதவர், வாயைத் திறந்தால் சிரிக்க வைப்பவர் என்பார்கள். மான்செஸ்டர்காரர் என்றால் மிதப்பாக நடப்பவர், தன் ஊர் பற்றி அளப்பவர், காரியக்காரர். எங்கே போனார் அந்தக் கனவான்?

இன்னொரு ஆச்சரியம். இன்று லேபர் கட்சிக் கோட்டையாக இருக்கும் லிவர்பூல் நகரசபை, 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நூறு வருடத்துக்கு மேல் பெரும்பாலும் கன்சர்வேட்டிவ் கட்சியின் கையில்தான் இருந்தது. அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள் மேல் இருந்த பயத்தில் புராட்டஸ்டன்ட் தொழிலாளிகளே அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள். லேபர் கட்சி முதன்முதலில் நகரசபையைப் பிடித்தது 1955இல்தான். பிறவிக் கலகக்காரர்கள் என்று பெயரெடுத்த ஊரின் பழைய வரலாறு இது!

மாற்றியது எது? மறுபடி தொழில்தான். அமெரிக்க வணிகம் தேய்ந்து ஐரோப்பிய வணிகம் வளர்ந்தபோது, மேற்குக் கடற்கரையில் இருந்த லிவர்பூல் நாட்டின் தவறான பக்கத்தில் மாட்டிக்கொண்டது. கன்டெய்னர் வந்ததும் ஆயிரம் பேர் தூக்கிய சரக்கை ஒரு கிரேன் தூக்கியது. கனவான்கள் பணத்தோடு தெற்கே போய்விட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். 1931இல் 8,55,000 பேர் இருந்த ஊரில் 2001இல் சுமார் 4,40,000 பேர். 1981 கலவரத்துக்குப் பிறகு, லிவர்பூலைக் காப்பாற்றப் பணம் கொட்டாமல் மெல்லத் தேயவிடலாமா என்ற யோசனை மந்திரிசபை வட்டாரத்தில் எழுதப்பட்டது. அந்த ஆவணங்கள் 2011இல் வெளிவந்தபோது ஊர்க்காரர்கள், "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்றார்கள்.

மான்செஸ்டரும் அடி வாங்கியது. இந்தியா உட்படப் பழைய சந்தைகள் சொந்தமாகத் துணி நெய்யத் தொடங்கின. ராயல் எக்ஸ்சேஞ்சில் பஞ்சு வியாபாரம் 1968இல் நின்றது. கடைசி நாள் விலைகள் அந்தப் பலகையில் அப்படியே இருக்க, அந்த மண்டபம் 1976இல் நாடகக் கொட்டகை ஆனது. கால்வாயின் கப்பல்துறைகள் 1982இல் மூடின. 1996 ஜூன் 15 அன்று ஐ.ஆர்.ஏ. வெடிகுண்டு ஊரின் நடுப்பகுதியைச் சிதைத்தது. மான்செஸ்டர் செய்தது அதன் பழைய வேலையை. அரசாங்கம், கம்பெனி, யார் பணம் கொடுத்தாலும் பேரம் பேசி வாங்கிக் கட்டினார்கள். 2021 கணக்கெடுப்பில் மான்செஸ்டரில் சுமார் 5,52,000 பேர், லிவர்பூலில் சுமார் 4,86,000 பேர். கனவான் வீட்டில் ஆள் குறைந்து, ஆட்கள் வீடு பெருத்துவிட்டது.

ஆகவே "லிவர்பூல்காரன் இப்படித்தான்", "மான்செஸ்டர்காரன் அப்படித்தான்" என்பதெல்லாம் ரத்தத்தில் ஓடுவது இல்லை. சம்பளம் எப்படி வந்தது, யார் கொடுத்தார்கள், எப்போது நின்றது என்பதன் மிச்சம்தான் ஊர்க் குணம். கணக்கு மாறினால் குணமும் மாறும்.

பகை எதுவரை போகலாம்?

கிண்டல் இருக்கட்டும். அது இல்லாமல் ஊர் ஊராக இருக்காது. ஆனால் இந்தப் பகை ஓர் அசிங்கமான எல்லைக்கும் போயிருக்கிறது. 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் 8 பேர் உட்பட 23 பேர் இறந்தார்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். குடித்துவிட்டு ரகளை செய்த ரசிகர்கள்தான் காரணம் என்று பழி போட்டார்கள். "லிவர்பூல்காரன்னா அப்படித்தான்" என்ற முன்முடிவு அந்தப் பொய்யை நம்ப வைத்தது. ரசிகர்கள் மேல் தப்பு இல்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள் என்று நடுவர் குழு சொல்ல 2016 ஆனது. 27 வருடம்!

இந்த இரண்டு சாவுகளையும் வைத்து மைதானத்தில் ஒருவரையொருவர் நக்கல் செய்து பாடுகிற கூட்டம் இரண்டு பக்கமும் இருந்தது. 2023 மார்ச்சில் இரண்டு அணிகளின் மேனேஜர்களும் சேர்ந்து, இதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. ஊர்க் குணம் என்று தொடங்குகிற பேச்சு எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டாம்.

1945இல் மான்செஸ்டர் யுனைடெடின் மேனேஜராகி, மியூனிக் விபத்தில் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பி, அந்த அணியை மறுபடி எழுப்பியவர் மாட் பஸ்பி. அவர் போருக்கு முன் எந்த அணிக்கு ஆடினார் தெரியுமா? லிவர்பூலுக்கு. அதுவும் கேப்டனாக.

2025இல் லிவர்பூல் தன் 20ஆவது லீக் பட்டத்தை ஜெயித்து மான்செஸ்டர் யுனைடெடின் 20ஐ எட்டிப் பிடித்தது. ஹாஸ்டல் டிவி அறையில் சண்டை போட இன்னும் நிறைய காரணம் இருக்கிறது. தாராளமாகப் போடுங்கள். ஸ்கோரைப் பற்றிப் போடுங்கள்.